இந்த 91 யாருடையது?

மாலை நேரப் பைத்தான் வகுப்புக்கு வரும் ஒரு பள்ளி ஆசிரியை, காலாண்டுத் தேர்வு மதிப்பெண்களைக் கணக்கிடச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வந்தார். 42 பிள்ளைகள், ஐந்து பாடங்கள். பெயர்களுக்கு ஒரு லிஸ்ட், தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று மொத்தம் ஆறு லிஸ்ட். சராசரி சரியாக வந்தது, அதிக மதிப்பெண்ணும் சரியாக வந்தது. பிறகுதான் சிக்கல்.

“சார், பேரை எல்லாம் அகர வரிசையில அடுக்கிப் பார்த்தேன். ஒரு எர்ரரும் வரலை. ஆனா கவிதாவுக்குக் கணக்குல 91 காட்டுது. அந்தப் பொண்ணு 34தான் எடுத்தா.”

அவர் எழுதியதில் பிழை என்று சுட்டிக்காட்ட ஒரு வரிகூட இல்லை. பெயர் லிஸ்ட்டை மட்டும் வரிசைப்படுத்தியிருந்தார். மற்ற ஐந்தும் பழைய வரிசையிலேயே இருந்தன. பைத்தானைப் பொறுத்தவரை அவை ஆறும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆறு பொருள்கள். மூன்றாவது பெயரும் மூன்றாவது மதிப்பெண்ணும் ஒரே பிள்ளையுடையவை என்ற செய்தி புரோகிராமில் எங்கும் எழுதப்படவில்லை. அது ஆசிரியையின் மனத்தில் மட்டும் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் முகமும் அவருக்குத் தெரியும் என்பதால் பிழை பிடிபட்டது. முகம் தெரியாத 4,000 பேர் பட்டியலாக இருந்திருந்தால் அப்படியே அச்சாகி, கையெழுத்தும் விழுந்திருக்கும்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தில் இப்போது பைத்தான் இருக்கிறது. லிஸ்ட், டியூப்பிள், செட், டிக்‌ஷனரி ஒரு பாடத்தில் வருகின்றன. சிஎஸ்வி கோப்பு இன்னொரு பாடத்தில், எஸ்க்யூஎல் வேறொன்றில். கருவிகள் எல்லாம் கைக்கு வந்துவிடுகின்றன. ஓர் அட்டவணை முன்னால் வந்து நின்றால் இவற்றில் எதை எடுப்பது என்று மட்டும் புதிதாகப் படிப்பவர்களுக்குத் தெரிவதில்லை. கேட்டால் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “பாண்டாஸ் போட்டுக்கோ.” பாண்டாஸ் என்பது அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் நூலகம். அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு தரவுக் கட்டமைப்பை எடைபோட வழக்கமாக வேகத்தைப் பார்ப்பார்கள், நினைவகத்தைப் பார்ப்பார்கள். 42 வரிசைக்கு இரண்டுமே பொருட்டல்ல. தொடங்குகிறவருக்கு நான் வைக்கும் அளவுகோல், அது எப்படித் தவறும் என்பது. தவறு நேர்ந்தால் புரோகிராம் நின்று சொல்கிறதா, பேசாமல் தப்பான விடையைத் தந்துவிட்டுப் போகிறதா? நின்றுபோகும் புரோகிராம் கற்றுக்கொடுக்கும். தப்பான விடை தருவது ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துவிடும்.

அந்த அளவுகோலில் தனித்தனி லிஸ்ட் முறைதான் எல்லாவற்றிலும் மோசம். ஒன்றில் ஒரு பெயரை நீக்கினாலோ, நடுவில் ஒன்றைச் சேர்த்தாலோ, அதற்குக் கீழே உள்ள அத்தனை பேருக்கும் மதிப்பெண் ஓர் இடம் நகர்ந்துவிடும். இருந்தாலும் அந்த ஆசிரியையின் யோசனையைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கணிதத்தின் சராசரி வேண்டும் என்றால் கணித லிஸ்ட்டின் கூட்டுத்தொகையை எண்ணிக்கையால் வகுத்தால் போதும். வேறு எதையும் தொட வேண்டாம். ஒரே வகைத் தரவு ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறது. பாண்டாஸும் உள்ளே நெடுவரிசைகளாகத்தான் தரவை வைக்கிறது. எந்த வரிசை யாருடையது என்ற பிணைப்பைத் தானே காக்கிறது. அவர் போன வழி சரி. பிணைப்பைக் காக்கும் வேலையைத் தன் ஞாபகத்திடம் விட்டதுதான் கோளாறு.

அடுத்தது லிஸ்ட்டுக்குள் லிஸ்ட். ['கவிதா', 78, 65, 34, 71, 80] என்று பிள்ளைக்கு ஒரு லிஸ்ட், அந்த 42-ஐயும் வைத்திருக்க வெளியே ஒரு பெரிய லிஸ்ட். இங்கே எப்படிக் கலைத்து அடுக்கினாலும் கவிதாவோடு அவளுடைய 34 கூடவே போகும். கோடு போட்ட மதிப்பெண் பதிவேட்டைப் போலவே இருப்பதால் கண்ணுக்கும் பழக்கமானது. அணிக் கணக்குக்கும் சதுரங்கப் பலகைக்கும் இது மிகப் பொருத்தம். அங்கே கட்டங்களுக்குப் பெயர் கிடையாது, இடம்தான் எல்லாம்.

மதிப்பெண் பட்டியல் அப்படிப்பட்டதல்ல. வரிசை[3] என்று எழுதியதைப் பத்து நாள் கழித்துப் படித்தால், மூன்று என்பது கணிதமா அறிவியலா என்று விரல்விட்டு எண்ண வேண்டும். அதுவும் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் பதிவெண்ணுக்கு ஒரு நெடுவரிசை சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று முதல் வரிசை[3] ஆங்கிலம். கணிதச் சராசரி கேட்டால் ஆங்கிலச் சராசரி வரும். யாரும் சந்தேகப்படாத எண்ணாகவே வரும்.

இந்தக் குறை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த எட்கர் காட், உறவுசார் தரவுத்தளத்துக்கு அடித்தளமிட்ட கட்டுரையை 1970-இல் வெளியிட்டார். தரவைப் பயன்படுத்துகிறவர் நெடுவரிசைகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று நினைவில் வைக்க வேண்டியிருக்கக் கூடாது, பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்க வேண்டும் என்று அதில் வாதிட்டார். இன்றும் நம் பிள்ளைகள் வரிசை[3] என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கட்டுரைதான் ஞாபகம் வருகிறது.

லிஸ்ட்டுக்குள் லிஸ்ட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அதில் சிக்காத மாணவரை நான் பார்த்ததில்லை. 42 பேருக்கு ஐந்து பாடம், முதலில் எல்லாம் பூஜ்யம் என்று நிரப்ப நினைத்து இப்படி எழுதுவார்கள்:

அட்டவணை = [[0] * 5] * 42

அச்சிட்டால் அழகாக 42 வரிசை வரும். அடுத்து முதல் பிள்ளையின் கணித மதிப்பெண்ணைப் போடுவார்கள்: அட்டவணை[0][2] = 91. மறுபடி அச்சிட்டால் 42 பேருக்கும் 91. வெளியே உள்ள பெருக்கல் புதிதாக 42 லிஸ்ட் செய்வதில்லை. ஒரே லிஸ்ட்டை 42 முறை சுட்டிக்காட்டுகிறது. ஒரு வீட்டுக்கு 42 கதவெண் எழுதியது போல. எந்தக் கதவைத் திறந்தாலும் அதே கூடம். ஒவ்வொரு வரிசையையும் லூப்புக்குள் தனியாக உருவாக்கினால் இது தீரும். ஆனால் முதல் வாரத்தில் இருப்பவருக்கு இதை விளக்க, பொருளும் பெயரும் வேறு வேறு என்ற பாடத்தையே நடத்த வேண்டியிருக்கும்.

நான் பரிந்துரைப்பது மூன்றாவது முறை: வரிசைக்கு ஒரு டிக்‌ஷனரி, அவற்றை அடுக்கி வைக்க ஒரு லிஸ்ட்.

{'பெயர்': 'கவிதா', 'தமிழ்': 78, 'ஆங்கிலம்': 65, 'கணிதம்': 34}

வரிசை['கணிதம்'] என்று எழுதினால் அதற்கு விளக்கம் வேண்டாம். நடுவில் பத்து நெடுவரிசை சேர்ந்தாலும் அது கணிதம்தான். வரிசை கலையாது, பெயரும் மதிப்பெண்ணும் ஒரே அடைப்புக்குள் இருக்கின்றன. படிக்கும்போது 'கணிதம' என்று புள்ளியை விட்டுவிட்டால் பைத்தான் அங்கேயே நின்று, அப்படி ஒரு சாவி இல்லை என்று கீ எர்ரர் காட்டும். சிஎஸ்வி கோப்பின் தலைப்பு வரியையே சாவிகளாக வைத்து இப்படிப்பட்ட டிக்‌ஷனரிகளைத் தரும் வசதி பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. இணையம் சரியாக வராத பள்ளிக்கூடக் கணினி அறையில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் என் கட்சிக்கும் ஓட்டைகள் உண்டு. மறைத்தால் நியாயமில்லை.

படிக்கும்போது எழுத்துப்பிழையைப் பிடிக்கும் டிக்‌ஷனரி, எழுதும்போது பிடிக்காது. வரிசை['கணிதம'] = 91 என்றால் புதிதாக ஒரு சாவியைச் சேர்த்துக்கொண்டு பேசாமல் போய்விடும். சாவிகள் நிலையாக இருக்க வேண்டிய இடத்தில் பைத்தான் 3.7 முதல் உள்ள டேட்டாகிளாஸ் கொஞ்சம் கைகொடுக்கும். உருவாக்கும்போது பெயர் பிசகினால் அது ஏற்காது. ஆனால் கிளாஸ் என்ற கருத்து பிடிபட்ட பிறகுதான் அதற்குப் போகலாம்.

இரண்டாவது ஓட்டை பெரிது. சிஎஸ்வியிலிருந்து வருபவை எல்லாம் எழுத்துச் சரங்கள். 100, 98, 7 என்று மூன்று மதிப்பெண் இருக்கும் கோப்பைப் படித்து, அதிக மதிப்பெண் எது என்று கேளுங்கள். பைத்தான் 98 என்று சொல்லும். குறைந்தது எது என்றால் 100 என்று சொல்லும். அகராதியில் சொற்களை ஒப்பிடுவதுபோல முதல் எழுத்தை ஒப்பிட்டு, 9 என்பது 1-ஐவிடப் பெரியது என்று முடிவு செய்கிறது. கூட்டச் சொன்னால் எர்ரர் தரும், அது பரவாயில்லை. பெரியது சிறியது கேட்டால்தான் பேசாமல் பிசகும். நுழைவாசலிலேயே ஒவ்வொரு மதிப்பெண்ணையும் முழு எண்ணாக மாற்றிவிட வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை முதல் நாளே கையில் ஏற்றாமல் டிக்‌ஷனரி முறையைக் கற்பிக்கக் கூடாது என்பேன்.

மூன்றாவது, தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கென்றே காத்திருப்பது. எக்செல்லில் தமிழ்ப் பட்டியலை ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று சேமித்தால், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியையும் சேர்த்து எழுதிவிடுகிறது. சாதாரண யூடிஎஃப்-8 என்று சொல்லிப் படித்தால் அந்தக் குறி முதல் சாவியோடு ஒட்டிக்கொள்ளும். திரையில் 'பெயர்' என்றே தெரியும். ஆனால் வரிசை['பெயர்'] என்றால் இல்லை என்று சொல்லும். மற்ற எல்லாச் சாவியும் வேலை செய்யும், முதல் சாவி மட்டும் செய்யாது. இதற்காக ஒரு மாணவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8-சிக் என்ற குறிமுறையைக் கொடுத்தால் அந்தக் குறி உதிர்ந்துவிடும்.

இதைவிட நுட்பமானது ‘கொ’. ஒருங்குறியில் அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பைத்தானுக்கு வேறு வேறு. ஒருவர் தட்டிய ‘கொடி’யை இன்னொருவர் தட்டிய ‘கொடி’ தேடினால் கிடைக்காமல் போகலாம். பெயரைச் சாவியாக வைக்கும் முன் என்எஃப்சி முறையில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அகர வரிசைக்கும் இதே கதிதான்: ஒருங்குறியின் எண் வரிசையில் ளகரத்துக்குப் பின்னால் ழகரம் இருக்கிறது, றகரமும் னகரமும் கடைசியில் இல்லை. அந்த ஆசிரியை எல்லா லிஸ்ட்டையும் சேர்த்தே அடுக்கியிருந்தாலும், பள்ளி வருகைப் பதிவேட்டின் வரிசை அவருக்கு அப்படியே கிடைத்திருக்காது.

நினைவகத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு வரிசைக்கும் தனி டிக்‌ஷனரி என்பது சில நூறு பைட் செலவு. வகுப்புக்கு, பள்ளிக்கு, ஒன்றியத்துக்கு அது கணக்கே இல்லை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு எழுதும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு என்றால் சில நூறு மெகாபைட் ஆகும், அப்போது யோசிக்கலாம். ஒருவரைத் தேடுவதும் அப்படித்தான். லிஸ்ட்டில் தேடினால் சராசரியாகப் பாதிப் பேரைக் கடக்க வேண்டும். பதிவெண்ணைச் சாவியாக வைத்து வெளியேயும் ஒரு டிக்‌ஷனரி போட்டால், எத்தனை லட்சம் இருந்தாலும் நேராக ஆளிடம் போகலாம். கேள்வி ‘இந்த எண் யார்?’ என்பதாகவே இருந்தால் அதுதான் சரியான அமைப்பு. ஒரே எண் இரண்டு தடவை வந்தால் மட்டும் ஆபத்து: பின்னால் வந்தவர் முன்னால் வந்தவரைச் சொல்லாமல் அழித்துவிடுவார். 42 பேர் போட்டு 41 பேர் எடுப்பீர்கள்.

இவ்வளவு எதற்கு, எக்செல் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கவும் திருத்தவும் போதும். ஆனால் எவ்வளவு பெரிய இடமும் அதில் சறுக்கும். 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, ஆய்வகங்களிலிருந்து வந்த சிஎஸ்வி கோப்புகளைப் பழைய எக்செல் வடிவத்துக்குள் ஏற்றியது. அந்த வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை விழுந்துபோயின. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 கொரோனா தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கிலிருந்தும், தொடர்பில் இருந்தோரைத் தேடும் பட்டியலிலிருந்தும் விடுபட்டுப் போனார்கள். அந்தத் தொற்றாளர்களோடு பழகியவர்களுக்கு உரிய நேரத்தில் தகவல் போகவில்லை. அட்டவணையை எதில் வைக்கிறோம் என்பது அவ்வளவு தூரம் போய்ப் பாயும்.

இப்போது பாண்டாஸ். 2008-இல் வெஸ் மெக்கின்னி ஒரு முதலீட்டு நிறுவனத்தில் இருந்தபோது நிதித் தரவுகளை ஆராய இதை எழுதத் தொடங்கினார். அட்டவணையை அது வைத்திருக்கும் டேட்டாஃபிரேம் என்ற எண்ணம் அதற்கும் முந்தியது. பெல் ஆய்வகத்தின் எஸ் மொழியில் இருந்து, ஆர் மொழி வழியாக வந்தது. ஆக, இது புள்ளியியல் தெரிந்தவர்கள் தங்கள் கேள்விகளுக்காகச் செய்த கருவி. பாடவாரிச் சராசரி, பிரிவு வாரியாகப் பிரித்துப் பார்ப்பது, இரண்டு பட்டியலைப் பதிவெண் வழியே இணைப்பது எல்லாம் ஒரே வரியில் முடியும். லிஸ்ட்டும் டிக்‌ஷனரியும் வைத்து இருபது வரி எழுதியவருக்கு அந்த ஒரு வரியின் மதிப்பு தெரியும். இந்த வசதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

எனக்குள்ள தயக்கம், அது நமக்காக எடுக்கும் முடிவுகளைப் பற்றியது. தொலைபேசிக் குறியீடு 044 என்று ஒரு நெடுவரிசை இருந்தால், எண் என்று ஊகித்து 44 ஆக்கிவிடும். சொல்லி வைத்தால்தான் எழுத்தாக விடும். முழு எண்கள் உள்ள நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தால், வழக்கமான அமைப்பில் அத்தனையும் தசம எண்ணாகி, 87 என்பது 87.0 என்று மதிப்பெண் சான்றில் வந்து நிற்கும்.

இதைவிட முக்கியமானது சராசரி. ஐந்து பேரில் நால்வர் 80, 60, 70, 90 எடுத்திருக்கிறார்கள், ஒருவர் தேர்வுக்கு வரவில்லை, அவர் கட்டம் காலி. பாண்டாஸ் சராசரி 75 என்று சொல்லும்; வராதவரை விட்டுவிட்டு நான்கால் வகுக்கும். வராதவருக்குப் பூஜ்யம் என்பது பள்ளியின் வழக்கமானால் விடை 60. எது சரி என்பது தலைமையாசிரியர் முடிவு செய்ய வேண்டியது. டிக்‌ஷனரி முறையில் அந்தக் காலிக் கட்டத்தை எண்ணாக மாற்றப் போகும்போதே புரோகிராம் நின்றுவிடும். ‘இவரை என்ன செய்வது?’ என்று நாம் யோசித்தாக வேண்டும். பாண்டாஸில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. அனுபவப்பட்டவருக்கு இது வசதி. தொடங்குகிறவருக்கோ, தான் ஒரு முடிவெடுத்ததே தெரியாமல் போகிறது.

லூப் எழுதத் தெரியும் முன்பே பாண்டாஸுக்குப் போனவர்கள் டேட்டாஃபிரேமை வரிசை வரிசையாக லூப் போட்டுச் சுற்றுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். நெடுவரிசை நெடுவரிசையாக வேலை செய்யக் கட்டிய ஒன்றை அப்படிச் சுற்றினால் சாதாரண லிஸ்ட்டைவிட மெதுவாக ஓடும். தரவின் அளவைப்போல 5 முதல் 10 மடங்கு நினைவகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று மெக்கின்னியே 2017-இல் எழுதினார். 4 ஜிபி மடிக்கணினி வைத்திருக்கும் மாணவருக்கு அது நினைவிருக்க வேண்டும்.

யாரும் பேசாத ஒன்று எஸ்க்யூலைட் தரவுத்தளம். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்டது. 2006 முதல் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. சர்வர் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், ஒரே ஒரு கோப்பு. புரோகிராமை மூடினாலும் தரவு இருக்கும். எஸ்க்யூஎல் என்ற இன்னொரு மொழியைக் கற்க வேண்டும் என்பது உண்மையான சுமை. முழு எண் என்று அறிவித்த நெடுவரிசையிலும் எழுத்தை ஏற்றுக்கொள்ளும் அதன் தாராளம் எனக்குப் பிடிக்காதது. 2021-இல் வந்த ஸ்டிரிக்ட் அட்டவணை வசதியைக் கேட்டு வாங்கினால்தான் கண்டிப்பாக இருக்கும். ஆனால் மேலே சொன்ன மற்ற எதற்கும் இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. பதிவெண் இரண்டு தடவை வரக் கூடாது, மதிப்பெண் 100-ஐத் தாண்டக் கூடாது என்ற விதிகளை அட்டவணையிலேயே எழுதி வைக்கலாம். யார் எழுதினாலும், எந்தப் புரோகிராம் எழுதினாலும், விதியை மீறினால் உள்ளே விடாது.

அந்த ஆசிரியை அரையாண்டுத் தேர்வுக்குள் ஆறு லிஸ்ட்டிலிருந்து டிக்‌ஷனரிக்கு மாறியிருந்தார். இரண்டு பிரிவுகளின் மதிப்பெண்ணையும் சேர்த்து வருடம் முழுவதும் வைத்திருக்க வேண்டும் என்று வந்தபோது எஸ்க்யூலைட்டுக்குப் போனார். முதல் முறை தரவை ஏற்றிய அன்று இரவே போன் வந்தது.

“சார், 17-ம் நம்பர் ஏற்கெனவே இருக்குன்னு சொல்லி நின்னுடுச்சு.”

“உங்க லிஸ்ட்ல எத்தனை பேர் இருக்காங்கம்மா?”

“84 பேர். ரெண்டு பிரிவும் சேர்த்து.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டு சங்கீதா இருக்காங்க சார். ஒருத்தி நம்பரை இன்னொருத்திக்குப் போட்டிருப்பேன்.”

மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்குள் விடைத்தாள் கட்டைப் பிரித்து இரண்டு தாளையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒரு சங்கீதாவின் எண் 17, மற்றவளுடையது 71.